குழித்துறைப் பக்கத்துல இருந்து ரஷ்யன் படிக்கப் போறவங்களுக்கு

நம்ம குமரி மாவட்டத்துல இருந்து ரஷ்யாவுக்கு எம்பிபிஎஸ் படிக்கப் போற பிள்ளைங்க நிறைய. அதுக்கு வழி சொல்ல ஜங்ஷனுக்கு ஜங்ஷன் போர்டு வச்சிருக்காங்க. ஆனா ரஷ்யன் மொழியையே பட்டப்படிப்பா எடுத்துப் படிச்ச ஒரு ஆளை நான் சேரும்போது தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. 2018ல சர்டிபிகேட் கோர்ஸ்ல ஆரம்பிச்சு டிப்ளமோ, அப்புறம் எம்.ஏ.ன்னு 2023ல முடிச்சேன், நடுவுல கோவிட், அப்புறம் அந்த உக்ரைன் யுத்தம், ஏஜெண்ட்கிட்ட போன பணம், ரெண்டு ஸ்டேட்டுக்கும் நடுவுல அலைஞ்ச காகிதம் எல்லாத்தையும் தனியாத்தான் தாண்டினேன். இப்ப தெரிஞ்சவங்க வீட்டுல இருந்து போன் பண்ணி "பிள்ளைய இதுல சேக்கலாமா, என்ன செலவாவும்"ன்னு கேக்குறாங்க. போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல இது, அதனால மொத்தமா எழுதிடறேன்.

எங்க அப்பா ரப்பர் பால் வெட்டுறவர், அருமனைப் பக்கம். நான் நாகர்கோவில்ல பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சேன். ரஷ்யன்ங்கிற எண்ணமே எங்க மாமாவால வந்தது. அவர் கூடங்குளத்துல காண்ட்ராக்ட்ல பிட்டரா இருந்தவர். 1988ல ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட திட்டம், முதல் யூனிட் கரண்ட் குடுக்க 2013 ஆச்சு, இன்னும் அங்க வேலை நடந்துட்டே இருக்கு, ரஷ்ய இஞ்சினியர்ங்க குடும்பத்தோட வந்து தங்கியிருக்காங்க. மாமா சொல்லுவார், "மக்களே, அங்க ரஷ்யாக்காரன் வாயத் தெறந்தா பக்கத்துல நிக்குத பய சொன்னாத்தான் மத்தவனுக்கு மனசிலாவும். அவனுக்க வார்த்தைக்கு பெரிய பெரிய ஆபீசரெல்லாம் காத்துக்கெடப்பான்." அந்தப் பக்கத்துல நிக்குற ஆளா நான் இருக்கணும்னு அன்னைக்கே மனசுல விழுந்துடுச்சு. அம்மாவுக்குத்தான் பயம், "இத படிச்சா என்ன வேல கிட்டும்"ன்னு ஒரே கேள்வி, அதுக்கு பதில் சொல்ல எனக்கு அப்ப தெரியல, சொல்லித்தர யாரும் இல்ல.

நம்ம ஊர்ல இருந்து பக்கம்னா பார்டர் தாண்டி திருவனந்தபுரம்தான். முதல்ல சேர்க்கை பத்திச் சொல்லிடறேன், ஏன்னா பணமும் நேரமும் வீணாகுறது இங்கயே ஆரம்பிச்சுடும். நீங்க களியக்காவிளையத் தாண்டிட்டா வேற ஸ்டேட் ஆள். நம்ம கம்யூனிட்டி சர்டிபிகேட்டை வச்சு கேரளாவுல ரிசர்வேஷன் சீட்டோ பீஸ் சலுகையோ எதிர்பாக்காதீங்க, அது அந்த ஸ்டேட் பிள்ளைங்களுக்கு. தமிழ்நாட்டு டிகிரின்னா அது அங்க செல்லும்ங்கிற எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் கேப்பாங்க, பழைய யூனிவர்சிட்டி தர்ற மைக்ரேஷன் சர்டிபிகேட் கேப்பாங்க, இது ரெண்டுக்கும் தனித்தனியா பணம் கட்டி, தனித்தனியா நாள் கணக்குல காத்திருக்கணும். எனக்கு எம்.ஏ. சேர நினைச்ச வருஷம் கோவிட் அடங்கல, பழைய யூனிவர்சிட்டில இருந்து வர வேண்டிய காகிதம் தபால்லயே கிடந்துச்சு, அட்மிஷன் தேதி போயிடுச்சு. ஒரு வருஷம் அப்படியே போச்சு. வீட்டுல சும்மா உக்காந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்துட்டு இருந்த அந்த வருஷம் எனக்கு ரொம்ப வலிச்சது, கூட டிப்ளமோ படிச்ச மலையாளிப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து போட்டோ போட்டுட்டு இருந்தாங்க. அதனால சொல்றேன், கடைசி செமஸ்டர் நடக்கும்போதே மைக்ரேஷனுக்கு எழுதிப் போட்டுடுங்க, கான்வகேஷன் வரட்டும்னு இருக்காம டிகிரி சர்டிபிகேட்டுக்கும் கட்டிடுங்க. இன்னொண்ணு, நேரா எம்.ஏ.ல சேர முடியும்னு நினைச்சுப் போகாதீங்க, நான் சேர்ந்த இடத்துல டிப்ளமோ அளவுக்கு மொழி தெரிஞ்சிருந்தாத்தான் உள்ள விட்டாங்க. சர்டிபிகேட், டிப்ளமோ, எம்.ஏ.ன்னு கூட்டிப் பாத்தா மொத்தம் நாலு வருஷம், இதை வீட்டுல முதல்லயே சொல்லிடுங்க.

போக்குவரத்து பத்தி சின்னதா. கோவிட்டுக்கு முன்னாடி பாசஞ்சர் ட்ரெயின்தான், குழித்துறைல ஏறி பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியா. காலேஜ்ல லெட்டர் வாங்கி ஸ்டூடண்ட் சீசன் எடுங்க, பாதி விலைதான், டிகிரி வரைக்கும் படிக்கற பெண் பிள்ளைங்களுக்கு செகண்ட் கிளாஸ் சீசன் இலவசம்னே ரயில்வேல விதி இருக்கு, கவுண்டர்ல அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும். பஸ்னா 2021 மே மாசத்துல இருந்து நம்ம சாதா பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, களியக்காவிளை வரைக்கும் இலவசமா போயி அங்க கேரளா வண்டி மாறணும். கோவிட் நேரத்துல ட்ரெயின் நின்னு, பார்டர்ல பாஸ் இல்லாம தாண்ட முடியாதுன்னு ஆனப்ப நான் திருவனந்தபுரத்துல தம்பானூர் பக்கம் பிஜில, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதில தங்கினேன், மாசம் 4,500 ரூபாய், சாப்பாடு தனி. அப்பா ரப்பர் ஷீட் வித்த பணம் அப்படியே அதுக்குப் போச்சு.

சரி, படிப்புக்கு வரேன். எழுத்து மொத்தம் 33, ஒரு வாரத்துல பிடிபட்டுடும், அதுல பயம் வேண்டாம். இங்கிலீஷ் 'பி' மாதிரி இருக்கறது ஒண்ணு 'வ' சத்தம், 'எச்' மாதிரி இருக்கறது 'ந' சத்தம், கொஞ்ச நாள் குழப்பும், அப்புறம் சரியாகிடும். கையெழுத்துதான் கஷ்டம். அச்சுல ஒரு மாதிரி, கையால எழுதும்போது வேற மாதிரி, 'த' சத்த எழுத்து கையெழுத்துல இங்கிலீஷ் சின்ன 'எம்' ஆயிடும், சில வார்த்தை முழுக்க வெறும் அலை அலையாத்தான் தெரியும், எந்த மேடு எந்த எழுத்துன்னே புரியாது. டீச்சர் போர்டுல எழுதுறது எல்லாம் கையெழுத்துலதான். நாலு கோடு நோட்டு வாங்கி சின்னப் பிள்ளை மாதிரி எழுதிப் பழகுங்க, வேற வழி இல்ல.

உச்சரிப்பைக் குறிச்சு வைக்க தமிழ் எழுத்து பத்தாது, நமக்கு ஒரே 'ப', ஒரே 'க'தான், ரஷ்யன்ல அதிர்வோட ஒண்ணு, அதிர்வில்லாம ஒண்ணுன்னு அது ரெண்டு ரெண்டு, மாத்திச் சொன்னா வேற வார்த்தை. நம்ம பார்டர் பிள்ளைங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, மலையாள எழுத்து தெரியும்ல, அதுல இது ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கு, அதுல குறிச்சு வச்சுக்கோங்க. இங்கிலீஷ்ல மட்டும் குறிக்காதீங்க. ரஷ்யப் பேரை இங்கிலீஷ்ல எழுதுறப்ப 'இசட் எச்' போடுவாங்க, அதைப் பாத்ததும் நமக்கும் மலையாளிங்களுக்கும் வாய் தானா 'ழ'ன்னு போயிடும், சோவியத் தலைவர் பிரெஷ்னேவை கிளாஸ்ல பாதிப் பேர் 'பிரெழ்னேவ்'ன்னுதான் வாசிச்சோம். அது 'ழ' இல்ல, 'ஷ'வை நெஞ்சுல அதிர்வு வர்ற மாதிரி சொல்லணும். அதே மாதிரி ரஷ்யன்ல எந்த அசைல அழுத்தம்னு எழுத்துல தெரியாது, அழுத்தம் இல்லாத இடத்துல 'ஓ'வெல்லாம் 'அ' ஆகிடும், பால்னு எழுதியிருக்கறதை மொலொகொன்னு வாசிச்சா தப்பு, மலகோன்னு கடைசியில அழுத்திச் சொல்லணும். புது வார்த்தை எழுதும்போதே மேல அழுத்தக்குறி போட்டு எழுதுற பழக்கம் முதல் நாள்ல இருந்தே இருக்கணும், பிறகு போட்டுக்கலாம்னு விட்டா நோட்டு முழுக்கத் திரும்ப எழுதணும்.

இனி நான் முக்கியமா சொல்ல வந்தது. முதல் ரெண்டு செமஸ்டர் எனக்கு நரகம். ஆறு வேற்றுமை, மூணு பால், பெயர்ச்சொல்லும் மாறும், அதுக்கு முன்னாடி இருக்கற பெயரடையும் சேர்ந்து மாறும், எண்ணுக்குத் தகுந்த மாதிரியும் மாறும். டேபிள் டேபிளா மனப்பாடம் பண்ணி, பரீட்சைல எல்லாம் கலந்து போய், ஒரு பேப்பர் சப்ளி, அங்க அரியரை சப்ளின்னுதான் சொல்லுவாங்க. ரயில்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதுட்டே வந்திருக்கேன். பாடம் நடத்துறது இங்கிலீஷ்ல, புக்ல விளக்கம் இங்கிலீஷ்ல, இங்கிலீஷ்ல இல்லாத விஷயத்தை இங்கிலீஷ்ல விளக்கினா எப்படிப் புரியும்? டிப்ளமோ ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு நாள் 'எனக்குக் குளிருது'ங்கிறதுக்கு ரஷ்யன்ல 'ம்ஞே ஹோலத்ன'ன்னு படிச்சேன். அந்த 'ம்ஞே' அப்படியே நம்ம 'எனக்கு', நாலாம் வேற்றுமை. இங்கிலீஷ் மாதிரி 'நான் குளிரா இருக்கேன்'னு அவங்க சொல்றதில்ல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து புக்கை முதல்ல இருந்து தமிழை வச்சு வாசிக்க ஆரம்பிச்சேன். 'என்கிட்ட புக் இருக்கு', ரஷ்யன்லயும் என்கிட்ட இருக்குதான். 'அவர் டாக்டர்', நடுவுல எதுவும் வேண்டாம், ரஷ்யன்லயும் 'ஓன் விராச்', ரெண்டே வார்த்தை. 'எனக்கு இருபது வயசு', 'எனக்குப் பிடிக்கும்', எல்லாம் அதே 'எனக்கு'. டேபிளா பாத்துப் பயந்ததெல்லாம் நான் பிறந்ததுல இருந்து பேசிட்டு இருக்கறதுதான்னு தெரிஞ்சப்ப வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

இன்னும் ரெண்டு சொல்றேன், இது ரெண்டும் எந்த கைடுலயும் கிடையாது. ரஷ்யன்ல ரெண்டாம் வேற்றுமைல உயிருள்ளதுக்கு ஒரு மாதிரி, உயிரில்லாததுக்கு ஒரு மாதிரி வரும், ஆண்பால்ல உயிரில்லாததுன்னா வார்த்தை மாறவே மாறாது. கிளாஸ்ல எல்லாரும் முழிச்சாங்க. நாம எப்படிப் பேசுறோம்னு பாருங்க, 'பையனப் பாத்தேன்'னு சொல்லுவோம், 'பையன் பாத்தேன்'னு சொன்னா தப்பு. ஆனா 'வீடு பாத்தேன்'னு சொல்லலாம், யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. அதே புத்திதான். அப்புறம் எல்லாரையும் கவுக்குற விஷயம், ஒரே வினைக்கு ரெண்டு வடிவம், நடந்துட்டு இருக்கறதுக்கு ஒண்ணு, முடிஞ்சதுக்கு ஒண்ணு. படிக்கறதுக்கு 'சித்தாத்', 'ப்ரசித்தாத்'. இங்கிலீஷ் காலத்தை வச்சு விளக்கினா கடைசி வரைக்கும் புரியாது. 'நேத்து புக் படிச்சேன்', 'நேத்து புக் படிச்சிட்டேன்', இதுல வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்ல, அந்த 'இட்டேன்' வர்ற இடத்துல பெரும்பாலும் ரெண்டாவது வடிவம் வரும். நூத்துக்கு நூறு ஒத்துப்போகாது, ஆனா கால் ஊன இடம் கிடைக்கும். சத்தத்துலயும் அப்படித்தான். ரஷ்யன்ல வெளிநாட்டுக்காரங்க திணறுற ஒரு உயிரெழுத்து இருக்கு, நாம 'அது'ன்னு பேச்சுல சொல்றப்ப கடைசியில உதடு குவியாம வருதே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதேதான். 'இல்ல'ங்கிறதுக்கு அவங்க சொல்றதுல வர்ற முதல் சத்தம் நம்ம 'ஞ', 'ஞெத்'. அவங்க 'ர'வுக்கு நம்ம குமரிக்காரங்க உருட்டிச் சொல்ற 'ற' போதும். இதெல்லாம் சென்னைல படிக்கிறவனை விட நமக்கு ஈஸி.

இதுல ஒத்து வராததும் இருக்கு, மறைக்க வேண்டாம். மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் ரெண்டும் இல்ல, இதுக்கு தமிழ்ல உதவி கிடையாது, கடைசி எழுத்தைப் பாத்துத்தான் பழகணும். அப்புறம் 'போறது'. நடந்து போனா ஒண்ணு, வண்டில போனா ஒண்ணு, ஒரு தடவை போனா ஒண்ணு, அடிக்கடி போயிட்டு வந்தா ஒண்ணு, அதுக்கு முன்னாடி ஒட்டு சேர்ந்தா உள்ள போறது, தாண்டிப் போறது, வந்து சேர்றதுன்னு கிளை கிளையா போகும். நான் டெய்லி குழித்துறைல இருந்து போய்ட்டு வர்றதையே ரஷ்யன்ல சொல்லிச் சொல்லிப் பழகினேன், வீட்டுல இருந்து இறங்கினேன், ஸ்டேஷனுக்கு நடந்தேன், ட்ரெயின்ல போனேன், பாலம் தாண்டினேன்னு. உங்க சொந்த வழியை வச்சுப் பழகுங்க, புக்ல இருக்கற இவானும் அன்னாவும் போற வழி மனசுல நிக்காது.

மாஸ்கோ ஸ்டேட் யூனிவர்சிட்டில தமிழ் சொல்லிக்குடுத்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கின்னு ஒருத்தர் இருந்தார், சங்க இலக்கியத்துல பெரிய ஆள், 2020 நவம்பர்ல கோவிட்ல இறந்துட்டார். நான் சேர முடியாம வீட்டுல சும்மா கிடந்த சமயம் அது. அவர் தமிழ்ல பேசுற வீடியோவை அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை போட்டுப் பாத்திருக்கேன், அந்த மனுஷன் அந்தப் பக்கத்துல இருந்து நம்ம வேற்றுமையையும் நம்ம 'ழ'வையும் கத்துக்கிட்டாரேன்னு ஒரு தெம்பு. செத்துட்டார்னு படிச்சப்ப சொந்தத்துல ஒருத்தர் போன மாதிரி இருந்துச்சு. 1960லயே மாஸ்கோவுல பியதிகோர்ஸ்கியும் ருதினும் தொகுத்த தமிழ்-ரஷ்ய அகராதி ஒண்ணு வந்திருக்கு, பழைய புத்தகக் கடைல கிடைச்சா விடாதீங்க. சோவியத் காலத்துல முன்னேற்றப் பதிப்பகம் தமிழ்லயும் மலையாளத்துலயும் அச்சடிச்ச கதைப் புத்தகங்கள் கேரளாவுல கிராமத்து வாசகசாலைல எல்லாம் இன்னும் இருக்கும், அதை ஒரு பக்கமும் ரஷ்யன் மூலத்தை ஒரு பக்கமும் வச்சு வாசிங்க, எம்.ஏ. மொழிபெயர்ப்புப் பேப்பருக்கு எனக்கு இதுதான் டியூஷன்.

எம்.ஏ. சேர்ந்து கொஞ்ச மாசத்துல 2022 பிப்ரவரி 24 வந்துச்சு, உக்ரைன்ல யுத்தம் ஆரம்பிச்சுடுச்சு. ஒரு செமஸ்டர் ரஷ்யா போய் படிக்கலாம்னு இருந்த பேச்சு அன்னையோட நின்னுச்சு. ஊர்ல "அந்த நாட்டு பாஷைய படிச்சு இனி என்ன செய்யப் போற"ன்னு கேக்காத ஆள் இல்ல. பெங்களூர்ல ரஷ்யன் தெரிஞ்ச ஆள் எடுத்துட்டு இருந்த சில கம்பெனி வேலையெல்லாம் சீனியர் சேச்சிமாருக்கு திடீர்னு இல்லாம ஆச்சு, வெளிநாட்டுக் கம்பெனி ரஷ்யாவை விட்டு வெளிய வந்தா இங்க அந்த டீமும் போயிடும்ல. எனக்கு தூக்கம் போச்சு. அந்தப் பயத்துலதான் பார்டர் பக்கம் ஒரு கன்சல்டன்சி "கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் எங்க கைல இருக்கு, 40,000 ரூபாய் ப்ராசஸிங்"ன்னு சொன்னப்ப அம்மா சீட்டு எடுத்துக் குடுத்தாங்க. மாசக்கணக்கா இன்னைக்கு நாளைக்குன்னாங்க. விஷயம் என்னன்னா, ரஷ்ய அரசாங்க ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் இல்ல. அவங்க வெப்சைட்ல நாமளே அக்கவுண்ட் ஆரம்பிச்சு, ஆறு யூனிவர்சிட்டி வரைக்கும் வரிசையா தேர்வு பண்ணி, காகிதத்தை ஏத்தணும், ரஷ்ய அரசோட கலாச்சார மையம் ரஷ்யன் ஹவுஸ் சென்னைலயும் இருக்கு, திருவனந்தபுரத்துலயும் இருக்கு, சந்தேகம்னா நேரா போய் கேக்கலாம். இது எனக்குத் தெரிய வந்தப்ப பணம் போயிருந்துச்சு. கைல ரசீது இருந்ததால கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்னு எழுதிக் குடுத்து 15,000 திரும்பி வந்துச்சு, மீதி வரல. ஸ்காலர்ஷிப் கிடைச்சாலும் படிப்புக் கட்டணம் மட்டும்தான் இலவசம், மாசம் ஒரு சின்னத் தொகை தருவாங்க, பிளைட், இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம் நம்ம கைல இருந்து. 2022 மார்ச்ல இருந்து நம்ம ஊர் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் அங்க வேலை செய்யாது, கூடப் படிச்சவ ஒருத்தி போனப்ப ரொக்கமா டாலர் கொண்டு போய்த்தான் சமாளிச்சா. நான் போகல, வீட்டுல மறுபடியும் பணம் கேக்க மனசு வரல.

நம்ம சர்டிபிகேட்டை வெளிநாட்டுல ஏத்துக்க அப்போஸ்தில்னு ஒரு முத்திரை வேணும், அதை வாங்குறதுலயும் நம்ம பார்டர் ஆளுங்களுக்குத் தனி அலைச்சல். எந்த ஸ்டேட் குடுத்த சர்டிபிகேட்டோ அந்த ஸ்டேட்தான் முதல்ல சரிபாக்கணும். பிளஸ் டூவும் பி.ஏ.வும் தமிழ்நாடு, அதுக்கு சென்னை. டிப்ளமோவும் எம்.ஏ.வும் கேரளா, அதுக்கு வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பு நோர்க்கா ரூட்ஸ், திருவனந்தபுரம். ஒரே கவர்ல வச்சுக் குடுத்தா பாதி திரும்பி வரும். வெளியுறவுத் துறையோட அப்போஸ்தில் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்தான், மேல ஏஜென்சி சர்வீஸ் சார்ஜ் கொஞ்சம், ஆயிரக்கணக்குல யாராவது கேட்டா அது அவங்க லாபம். கடைசியா ரஷ்யன்ல மொழிபெயர்த்து நோட்டரி பண்ணணும்.

டிகிரி மட்டும் இருந்தா போதும்னு இருக்காதீங்க. டோர்பில்னு ரஷ்யன் மொழித்தேர்வு இருக்கு, ஏ1ல இருந்து சி2 வரைக்கும் ஆறு படி. இலக்கணம், வாசிப்பு, கேக்குறது, எழுதுறது, பேசுறதுன்னு அஞ்சு பகுதி, ஒவ்வொண்ணுலயும் 66 சதவீதம் வேணும், ஒரு பகுதில மட்டும் 60 வந்தா விட்டுக்குடுப்பாங்க. எம்.ஏ. மார்க் பட்டியலை விட வேலைக்கு எடுக்குறவங்க இதைத்தான் கேக்குறாங்க, பி1 இருந்தா பேச்சைத் தொடங்கலாம், பி2 இருந்தா மரியாதையா பேசுவாங்க. நம்மள விழ வைக்கிறது கேக்குற பகுதிதான், கிளாஸ்ல டீச்சர் மெதுவா பேசுறதுக்கும் அந்த ஆடியோவுக்கும் சம்பந்தமே இல்ல. ட்ரெயின்ல போற ஒரு மணி நேரமும் காதுல ரஷ்யன் செய்தி ஓடட்டும், புரியலன்னாலும் ஓடட்டும்.

வேலைன்னு முதல்ல கிடைச்சது கோவளம் பக்கம் ஒரு ஆயுர்வேத சிகிச்சை மையத்துல, நாளுக்கு 1,500 ரூபாய். முதல் நாள் யெகாதெரின்பர்க்ல இருந்து வந்த ஒரு அம்மா, முட்டி வலி. வைத்தியர் மலையாளத்துல சொல்றார், நான் ரஷ்யன்ல சொல்லணும், நடுவுல இங்கிலீஷே இல்ல. 'எனக்கு முட்டி வலிக்குது'ன்னு அவங்க சொன்ன வாக்கியம் 'என்கிட்ட வலிக்குது முட்டி'ன்னு நேரா என் தமிழுக்குள்ள வந்து விழுந்துச்சு. எத்தனை நாள்னு கேட்டாங்க. ரஷ்யன்ல ரெண்டு, மூணு, நாலு நாளுக்கு 'த்ன்யா', அஞ்சுல இருந்து 'த்ன்யேய்', ஆனா இருபத்தொண்ணுன்னா கடைசியில ஒண்ணு இருக்கறதால மறுபடி ஒருமை, 'த்யேன்'. வைத்தியர் சொன்னது 21 நாள். நான் சரியா சொன்னதும் அந்த அம்மா எண்ணெய்க் கையோட என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டு, "எங்க படிச்ச"ன்னு கேட்டாங்க. தயிர் கூடாது, மீன் கூடாது, பகல்ல தூங்கக் கூடாதுன்னு அதுக்கப்புறம் எல்லாம் தடையில்லாம வந்துச்சு. அன்னைக்குத்தான் இந்தப் படிப்பு எனக்குச் சொந்தமாச்சு.

ஆனா இது சீசன் வேலை, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அவங்க ஊர் குளிருக்குத் தப்பி வர்ற காலம்தான், மழை மாசத்துல கைல ஒண்ணும் இருக்காது, அப்ப காகித மொழிபெயர்ப்பு, எம்பிபிஎஸ் போற பிள்ளைங்களுக்கு ரஷ்யன் கிளாஸ்னு ஓட்டணும். மெஷின் ட்ரான்ஸ்லேஷன் வந்ததால சும்மா கடிதம் மொழிபெயர்க்க யாரும் பணம் தர்றதில்ல, நேர்ல நின்னு பேசுற வேலையும் டெக்னிக்கல் வேலையும்தான் மிச்சம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இது மனசுல கனமா கிடக்கு. 2024ல வேலை வாங்கித் தரேன்னு கூட்டிட்டுப் போய் நம்ம நாட்டுப் பையன்களை யுத்தத்துல இறக்கிவிட்ட விஷயத்துல சிபிஐ வழக்குப் போட்டது எல்லாருக்கும் தெரியும், அஞ்சுதெங்கு பையன்களும் அதுல மாட்டினாங்க, நான் படிச்ச ஊர்ல இருந்து கொஞ்ச தூரம்தான். அவங்க கையெழுத்துப் போட்ட காகிதம் ரஷ்யன்ல இருந்துச்சு, படிக்கத் தெரியாமத்தான் போட்டாங்க. அதுக்கப்புறம் யார் வீட்டுல இருந்து ரஷ்யன் காகிதம் கொண்டு வந்தாலும் பணம் வாங்காம வரிக்கு வரி படிச்சுச் சொல்றேன். நீங்க ஒரு வருஷம் ரஷ்யன் படிச்சிருந்தாலே ஒரு காகிதத்துல 'சேவை', 'ராணுவம்', 'ஒப்பந்தம்' எங்க இருக்குன்னு கண்ணுல பட்டுடும், உங்க தெருவுல யாராவது அப்படி வந்தா படிச்சுச் சொல்லுங்க.

கூடங்குளத்துக்கு முயற்சி பண்றவங்க இலக்கியம் படிச்ச ரஷ்யனோட போய் நிக்காதீங்க. வால்வு, கேஸ்கெட், வெல்டிங், பிரஷர், பம்ப், இதுக்கெல்லாம் ரஷ்யன் வார்த்தையும், அது என்ன வேலை செய்யுதுங்கிறதும் தெரிஞ்சிருக்கணும், எங்க மாமா வீட்டு வாசல்ல உக்காந்து பேப்பர்ல வரைஞ்சு காமிச்சு எனக்குச் சொல்லிக்குடுத்தது அங்க டெஸ்ட்ல அப்படியே வந்துச்சு. பெரும்பாலும் காண்ட்ராக்ட் கம்பெனி வழியாத்தான் எடுக்குறாங்க, அதனால விளம்பரத்துக்குக் காத்திருக்காம பயோடேட்டாவை ரஷ்யன்லயும் இங்கிலீஷ்லயும் ரெண்டு பிரதியா எடுத்துட்டு நேரா போய்க் குடுங்க. கோவளம், வர்க்கலை பக்கம்னா ஆகஸ்ட் மாசமே போய்ப் பேசி வச்சுடுங்க, அக்டோபர் ஆச்சுன்னா ஆள் எடுத்து முடிச்சிருப்பாங்க.